கால்வாசி சத்தம்

செருப்புக் கடையில்தான் காலைப் பிடித்து அளவு பார்ப்பார்கள். காதைப் பிடித்து அளவு பார்த்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, நெய்வேலியில் எங்கள் தெர்மல் மின்நிலையத்தின் சேஃப்டி ஸ்டோரில் இருந்த அந்த அக்காதான்.

ஸ்டோர் என்றால் பெரிய இடமில்லை. ஒரு கவுண்டர், நான்கு இரும்பு ராக்குகள், ஒரு மரஸ்டூல். ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் கேட்டு வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். இயர்மஃப் கேட்டு வந்தால் மட்டும் ஸ்டூலில் உட்கார வேண்டும். காதை மூடுகிற அந்த இரண்டு கிண்ணங்களையும் அக்கா தன் கையால் மாட்டிவிட்டு, சுற்றிலும் விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு இடுப்பில் செருகியிருக்கும் சாவிக்கொத்தை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கி, "கேக்குதா?" என்று வாயசைப்பார். கேட்கிறது என்று தலையாட்டினால் போச்சு. கழற்றி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது லேபில் சேர்ந்த முதல் வாரத்தில். டர்பைன் ஹாலுக்குள் போய்த் தண்ணீர் சாம்பிள் எடுத்து வந்து சோதிப்பது என் வேலை. அப்போது எனக்குத் தடித்த பிளாஸ்டிக் பிரேம் போட்ட கண்ணாடி. மூன்று முறை மாட்டிப் பார்த்தும் சாவிச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த பெண், எனக்கு மானம் போயிற்று.

"உன் கண்ணாடி சந்து வுடுது. நூல் சந்து இருந்தா போதும், அந்த வழியா எல்லாம் உள்ள பூந்துடும். அடுத்த தபா கம்பி பிரேமா வாங்கு" என்றார். எந்த செக்ஷன் என்று கேட்டு, கெமிஸ்ட்ரி என்று சொன்னதும் அதையே எனக்குப் பெயராக வைத்துவிட்டார். கடைசி வரைக்கும் என் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

சந்து தேடுவதில் அவருக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. காதில் பேனா செருகியிருக்கும் சூப்பர்வைசர், ஜிமிக்கி போட்ட காண்டிராக்ட் பெண்கள், காதை மறைக்க முடி வளர்த்த அப்ரண்டிஸ் பையன்கள் எல்லோரும் அவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறார்கள். இயர்மஃபைக் கழுத்தில் மாலைபோலத் தொங்கவிட்டுக்கொண்டு போன ஒரு இன்ஜினியரைக் கவுண்டரிலிருந்தே கூப்பிட்டு, "சாருக்கு காது கழுத்துலயா இருக்குது?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே எடுத்து மாட்டிக்கொண்டார்.

இதைப் போட்டால் சத்தம் சுத்தமாக நின்றுவிடுமா என்று யாராவது கேட்டால், அக்காவிடம் ஒரே பதில்தான். "முக்காவாசி போவும், காவாசி வரும். அதுவும் போயிட்டா பின்னால வண்டி வர்றது எப்படித் தெரியும்? அந்தக் காவாசி உனக்கு வோணும்." டெசிபல் கணக்கெல்லாம் டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கும். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவருடைய வீடு எப்படி இருக்கும் என்று நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் பிளாக்கில், எனக்கு இரண்டு குவார்ட்டர்ஸ் தள்ளித்தான் இருந்தார். கணவர் மாரடைப்பில் இறந்துபோனதில் கிடைத்த வேலை அது. ஒரே மகன் பெங்களூரில். தனியாக இருக்கிற பெண்ணின் வீடு பஸ் ஸ்டாண்டுபோல இரையும். மார்கழிக் குளிரில் நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடப்போம். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்திருப்பார். ரேடியோ எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் வெறுமனே கொரகொரத்துக்கொண்டிருக்கும். ஊருக்கெல்லாம் காதை மூடிவிட்டுத் தன் வீட்டில் சத்தத்தைக் கொட்டி வைத்திருக்கிறார், கழன்ற கேஸ் என்று பிளாக்கில் பேசிக்கொள்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை இப்போது மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒரு டிசம்பர் கடைசியில் பெரிய புயல் அடித்தது. எங்கள் பிளாக்கில் மரங்கள் கம்பிகளின்மேல் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் செய்து அனுப்புகிற நாங்கள் மெழுகுவத்தி தேடி அலைந்தோம். ஃபேன் இல்லை, டிவி இல்லை, மோட்டார் இல்லை. காற்றும் நின்றுபோன இரண்டாம் நாள் காலையில் அப்படி ஒரு அமைதி. எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. வாசலில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். அக்கா வந்தார். தலை வாரவில்லை, கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"டூட்டிக்கா போற? என்னையும் கூட்டிகினு போ" என்றார். அன்று அவருக்கு லீவு. என்ன விஷயம் என்று நான் கேட்பதற்குள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போனோம். பிளான்ட்டில் இறங்கியதும் ஸ்டோரைத் திறந்து ஒரு இயர்மஃபை எடுத்து மாட்டிக்கொண்டு நேராக டர்பைன் ஹாலுக்குள் போனார். எனக்குப் பயமாகிவிட்டது. பின்னாலேயே போனேன்.

ஒரு தூணுக்குப் பக்கத்தில், ஒதுக்கமாக நின்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஹாலில் காதை மூடாமல் நின்றால் பக்கத்தில் நிற்பவரின் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் அவருடைய தோள் மெல்ல மெல்லத் தளர்ந்து இறங்குவதைப் பார்த்தேன். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு நிமிர்கிற தாயின் முகம்போல ஆகிவிட்டது முகம். பத்து நிமிடம் நின்றிருப்பார். கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

கேன்டீனில் டீ வாங்கிக்கொடுத்த பிறகு சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால், இருபது வயதில், ஒரு காய்ச்சல் வந்து போனதாம். அதிலிருந்து இரண்டு காதுக்குள்ளும் ஒரு சத்தம்.

"குக்கர் விசில் அடிக்கறதுக்கு முன்னால ஒரு சீறல் வரும் பாரு, அதான். இத்தினி வருசமா விசிலே அடிக்காம சீறிகினே இருக்குது."

பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, காது நன்றாகத்தான் கேட்கிறது, இந்தச் சத்தம் போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். ஃபேன் ஓடினால் கொஞ்சம் மட்டுப்படும். ஆனால் முழுதாக மறைவது ஓரிடத்தில்தான் என்றார். காதை மூடாமல் டர்பைன் ஹாலுக்குள் போனால் சீறல் இன்னும் கூடி இரண்டு நாள் உயிரை எடுக்கும். இயர்மஃபைச் சந்தில்லாமல் மாட்டிக்கொண்டு நின்றால், முக்கால்வாசி போய், மிச்சக் கால்வாசி மெத்தென்று உள்ளே வரும். அந்தக் கால்வாசியில் சீறல் கரைந்துவிடுமாம். தினமும் சாப்பாட்டு வேளையில், எல்லோரும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் ஹாலுக்குப் போவது எங்களுக்கெல்லாம் தெரியும். எதற்குப் போகிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "காதுல கோளாறு வச்சிகினு இவ ஊருக்கு காது மூடுறாளான்னு கேப்பாங்க." நான் சிரித்த சிரிப்பெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளையில் நானும் கூடப் போய் நின்றேன். யாராவது என்ன என்று சைகையில் கேட்டால் சாம்பிள் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவேன்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. அவருக்கு ரிடையர்மென்ட் நெருங்கியது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்காட்டை ஒட்டிய சொந்த வீட்டுக்குப் போக வேண்டும். வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். இனி இந்த இரைச்சலே இல்லை, ஊசி விழுந்தால் கேட்கும் இடம், கொடுத்து வைத்தவர் நீங்கள். அவர் கேட்டுக்கொள்வார், சிரிப்பார், சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஹாலிலிருந்து வெளியே வரும்போது என்னிடம் மட்டும் கேட்டார்.

"அங்க பகல்லயே கரண்ட் போயிடும் கெமிஸ்ட்ரி. ஊசி வுழுந்தா கேக்குற வூட்ல இத்த வச்சிகினு நான் என்னா பண்ணுவேன்?"

பதில் தெரியாதபோது பேசாமல் இருக்கத் தெரிய வேண்டும். எனக்கு அது தெரியாது. என் தம்பி துபாயிலிருந்து வந்தபோது ஒரு ஹெட்ஃபோன் கொண்டுவந்திருந்தான். விமானத்தில் அதைப் போட்டால் இன்ஜின் இரைச்சலே இருக்காது என்றான். வெளியிலிருந்து வருகிற சத்தத்தை ஒரு குட்டி மைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான சத்தத்தை உண்டாக்கி இரண்டையும் சமன் செய்துவிடுமாம். அமிலத்தில் காரத்தை ஊற்றுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அப்படியே அக்காவிடம் போய், இப்போது சத்தத்தையே அழிக்கிற மெஷின் வந்துவிட்டது, கவலையை விடுங்கள் என்று அளந்தேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் அளந்தேன். மகனுக்கு நானே போன் போட்டு மாடல் பெயர் வரைக்கும் சொல்லி வாங்கி அனுப்ப வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரிக்காமல் அப்படியே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றிலும் விரலால் தடவிச் சந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். நான் பொத்தானை அழுத்தினேன். அவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பிரிட்ஜைப் பார்த்தார். இரண்டும் சத்தமில்லாமல் போய்விட்டன என்று கையை விரித்துக் காட்டினார். பிறகு பழக்கதோஷத்தில் சாவிக்கொத்தை எடுத்துத் தானே குலுக்கிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"ஃபேன் போவுது, சாவி போவல. வாசல்ல கீரைக்காரம்மா கூவறதும் கேக்குது. நம்ம இயர்மஃப்ல சாவி போயிடும், ஃபேனுதான் லேசா வரும். இது வேற தினுசு."

நானும் சிரித்தேன். தம்பியும் அதைத்தான் சொல்லியிருந்தான்: ஒரே சீராக இரைகிற கனத்த சத்தம்தான் இதில் நன்றாக அடங்கும், பேச்சும் கணீர்ச் சத்தமும் அந்த அளவுக்கு அடங்காது என்று. அதையெல்லாம் விளக்கிக்கொண்டே போனேன். அக்கா கேட்கவில்லை. உள்ளே எதையோ கவனிக்கிற முகமாக இருந்தது. மலர்ந்திருந்த முகம் மெதுவாகச் சுருங்கியது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் பூவை வைப்பதுபோல வைத்தார்.

"அது போவல" என்றார். "ஃபேன் இருந்தப்ப அது பத்துல ஒண்ணா இருந்துச்சு. இப்ப அது மட்டும் நிக்குது."

வெளியே இருக்கிற மைக்குக்கு அவர் காதுக்குள் இருக்கிற சத்தம் எப்படிக் கேட்கும்? பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. எம்.எஸ்சி. படித்த எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. அவர் என்னை நம்பியிருந்தார். அன்றைக்கு நான் பட்ட அவமானம் இன்றைக்கும் ஆறவில்லை. மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். அவர் என்னைத் தேற்றினார். பையன் ஆசையாக வாங்கியது, பாட்டுக் கேட்டுக்கொள்கிறேன் என்று டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். ரிடையர்மென்ட்டுக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த மூன்று வாரமும் சாப்பாட்டு வேளையில் அவர் தூணருகே நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. பத்து நிமிடம் இருபதானது. ஒரு நாள் எனக்கு ஒன்று தோன்றியது. மறுபடியும் அளந்துவிடக்கூடாது என்று இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு, பிறகு சொன்னேன். சத்தத்தை அழிக்கத்தானே அந்த ஹெட்ஃபோனால் முடியவில்லை. இந்த ஹாலின் சத்தத்தைப் பதிவு செய்து அதற்குள் போட்டால் என்ன?

ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு என் செல்போனில் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவு சத்தத்தைப் போன் தாங்கவில்லை. நான் கையைப் பிசைந்தேன். அக்கா போனை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"திறந்து போட்டு எடுத்தா இப்படித்தான் வரும். அதுக்கும் மூடி வுடு. காவாசிதான எனக்கு வோணும்."

கடைசி வேலை நாளுக்கு முந்தின நாள் அது. ஸ்டூலில் என் போனை வைத்தார். ஒரு புது இயர்மஃபின் இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவில் போனின் மைக் பக்கத்தைச் செருகி, சுற்றிலும் மெஷின் துடைக்கிற காட்டன் வேஸ்டைத் திணித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். சாவியைக் குலுக்கி, பதிவு செய்து, போட்டுக் கேட்டார். சாவி கேட்டது. பிரித்து மறுபடியும் கட்டினார். எத்தனையோ தலைகளுக்குச் செய்ததை அன்று ஒரு போனுக்குச் செய்தார். நான்காவது தடவையில் சாவி கேட்கவில்லை.

ஹாலில் அவருடைய தூணருகே இருந்த இரும்புப் பெட்டியின்மேல் அதை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அசையாமல் நின்றோம். ஏழாவது நிமிடத்தில் எனக்குத் தும்மல் வந்தது. என் தும்மல் லேபில் பிரசித்தம். பீக்கர்கள் அதிரும் என்பார்கள். வாயைப் பொத்தியும் பயனில்லை. சாவியை அடக்கிய காட்டன் வேஸ்டுக்கு என் தும்மலை அடக்க முடியவில்லை. போட்டுக் கேட்டபோது மெத்தென்ற இரைச்சலுக்கு நடுவில் தூரத்தில் யாரோ கதவைச் சாத்தினாற்போல அது இருந்தது. இன்னொரு முறை எடுக்கலாம் என்றேன். அதற்குள் அவரை பெர்சனல் டிபார்ட்மென்டில் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பதிவையே அவர் போனில் ஏற்றி, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்துக் கொடுத்தேன்.

ரிடையர்மென்ட் அன்று எங்கள் ஊர் வழக்கப்படி மேளம், பட்டாசு, மாலை போட்ட ஜீப். வாசலில் நின்ற எங்கள் பிளாக் பிள்ளைகளுக்கெல்லாம் வெடி ஆரம்பிப்பதற்கு முன்னால் காதில் வைக்கிற பஞ்சு பிளக்கை அக்காவே உருட்டி உருட்டி வைத்துவிட்டார். பிறகு ரோஜாமாலையோடு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு இயர்மஃபை எடுத்து மாட்டிக்கொண்டார். மேளக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அந்தப் போட்டோ என் வீட்டில் இருக்கிறது. அதில் அவர் முகம் நிம்மதியாக இருக்கும். ஏன் என்று பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வதில்லை.

ஊருக்குப் போன பத்தாம் நாள் போன் செய்தார். ஹெட்ஃபோனில் அந்தப் பதிவைச் சின்னதாக வைத்துக்கொண்டு மத்தியானம் படுக்கிறாராம். சீறல் கரைகிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார். ஹாலில் நின்ற அளவுக்கு இல்லை, ஆனால் கரைகிறது. ஒன்றுதான் தொந்தரவு. கண் சொக்கி வரும் நேரத்தில் நான் தும்மிவிடுகிறேனாம், விழிப்பு வந்துவிடுகிறதாம். தம்பியிடம் சொல்லி அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடலாம் என்றேன்.

"இருக்கட்டும். ஆள் கூட இருக்கற மாதிரி இருக்குது" என்றார்.

அதற்கப்புறம் எனக்கும் மாற்றல், வீட்டில் உடம்பு சரியில்லை, அது இது என்று இரண்டு வருடம் போய்விட்டது. ஒரு பலாப்பழக் காலத்தில் காடாம்புலியூர் போனேன். மத்தியான நேரம். கரண்ட் இல்லை. சொன்னபடியே ஊசி விழுந்தால் கேட்கிற வீடு. வராந்தாவில் ஈசிசேரில் அக்கா ஹெட்ஃபோனோடு தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, சேலைத் தலைப்பு தரையில் கிடந்தது. எழுப்ப மனமில்லாமல் படியில் உட்கார்ந்தேன். ஏழாவது நிமிடம் இந்நேரம் எத்தனை முறை வந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண் விழித்தார். என்னைப் பார்த்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, வந்தவள் எழுப்பக் கூடாதா என்று திட்டினார். உள்ளே போய்ச் சுளைகளைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

அந்தத் தும்மலை இப்போதாவது எடுத்துக் கொடுத்துவிடட்டுமா, தூக்கத்தைக் கெடுக்கிறதே என்று கேட்டேன்.

அக்கா கையிலிருந்த சுளையைப் பிட்டு, கொட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன் தும்மல கேட்டு ரொம்ப நாளாச்சு கெமிஸ்ட்ரி. அதுக்குள்ள தூங்கிப் போயிடறேன்."